கொசு மருந்து ஆகாத வீடு

பட்டுப்புழு வளர்க்கிறவனுக்குப் பெண் கொடுக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் கொடுப்பதில்லை. நல்லம்பள்ளிப் பக்கம் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய் விசாரித்துப் பாருங்கள். நிலமும் கிணறும் வைத்துக்கொண்டு, நாற்பதை நெருங்கிய ஆம்பளைகள் ஒண்டிக்கட்டையாக நிற்பார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் வந்து உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, மாப்பிள்ளை ஓசூர் கம்பெனியில் இருக்கிறாரா, பெங்களூரில் இருக்கிறாரா என்பதுதான். தோட்டத்தில் இருக்கிறார் என்று சொன்னால் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள்.

வெங்கடாசலம் அப்படி நின்றவன். அவனுடைய அம்மா ஊர் ஊராகப் போய்ப் பெண் கேட்டு அலுத்துப்போய்ப் படுத்தாள். தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கிடந்து அங்கேயே போய்விட்டாள். காகிதமெல்லாம் முடிந்து வண்டி வரும்வரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் அவன். பில் போடுகிற இடத்தில் இருந்த பெண் எழுந்து வந்து ஒரு டீயை நீட்டினாள். "குடிங்க. ஊர் போய்ச் சேர நேரமாகும்ல," என்றாள். அந்த ஆஸ்பத்திரியில் அவனிடம் கையெழுத்துக் கேட்காமல் பேசிய ஒரே ஆள் அவள்தான். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டான்.

அன்பரசி என்று பெயர். இவனைவிட இரண்டு மூன்று வயது இளையவள். புருஷன் இவளை ஆளாக மதிக்காமல் வைத்திருந்து, கடைசியில் கோர்ட்டில் விவாகரத்து வாங்கி வெட்டிவிட்டான். அம்மாவோடு தர்மபுரியில் வாடகை வீட்டில் இருந்தாள். அவளும் பட்டவள்தான், அதை மறைக்கக் கூடாது. சிரித்தால் நன்றாக இருப்பாள். ஆரம்பத்தில் நிறையச் சிரித்தாள். சாயங்காலமானால் போன் வரும். மல்பெரி இலை வெட்டிக்கொண்டே காதில் போனை இடுக்கிக்கொண்டு பேசுவான். தனக்கு ஒரு ஆள் இருக்கிறது என்கிற நினைப்பிலேயே இலைக்கட்டு எடை தெரியாமல் தலைக்கு ஏறிவிடும்.

பிறகு அவள் அவனைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

முதலில் பெயர். வெங்கடாசலம் என்றால் தாத்தா பெயர் மாதிரி இருக்கிறதாம். வெங்கட் என்றாள். அடுத்தது பேச்சு. "வூடு வூடுன்னு சொல்லாதீங்க, வீடுன்னு சொல்லுங்க, காது கூசுது," என்றாள். அப்புறம் சட்டை, செருப்பு, தலைக்கு வைக்கிற எண்ணெய். அப்புறம் வாசனை. அவன் மேல் இலை நாற்றமும் புழு நாற்றமும் கலந்து வருகிறது என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மறுத்து முன் சீட்டுக்குப் போனாள். அவன் வீட்டுக்கு வந்து தோல் எரிகிற அளவுக்குத் தேய்த்துக் குளித்தான். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், வேற யார் சொல்வா?" என்பாள். வேறு யாரும் சொல்வதற்கு இல்லைதான்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவளோடு வேலை பார்க்கிற ஒருத்தி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். "என்ன அன்பு, யாரு இவரு?" என்று கண்ணைச் சிமிட்டினாள்.

அன்பரசி கப்பைக் கீழே வைத்தாள். "எங்க சொந்தக்காரங்க தோட்டத்துல வேலை பாக்கறவரு. ஒரு சாமான் குடுக்க வந்தாரு."

வெங்கடாசலம் எழுந்து நின்றான். யாரும் நிற்கச் சொல்லவில்லை. வேலைக்காரன் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது என்று அவனாகவே எழுந்து நின்றான். வந்தவள் போன பிறகு, "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று மெல்லக் கேட்டான்.

"உங்க சட்டை அப்படி இருந்துச்சு. நான் என்ன பண்றது? நல்லா வந்திருந்தா நல்லா சொல்லியிருப்பேன்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது அவனுக்கு. அந்த நிலைமைக்கு வந்துவிட்டான். தனியாக இருக்கும்போதுகூட அவள் பார்த்துக்கொண்டிருப்பது போலவே இருந்தது. சோற்றைப் பிசையும்போது, இப்படிப் பிசைந்தால் என்ன சொல்வாள் என்று கை நிற்கும். ஊரில் கூட்டாளிகளோடு பேசுவது குறைந்தது. வாயைத் திறந்தால் தப்பாக வந்துவிடுமோ என்று பயம். இனிப் போதும் என்று இரண்டொரு முறை போனை எடுக்காமல் இருந்து பார்த்தான். அவளும் விட்டுவிடுவாள். நாள்கணக்கில் சத்தமே இருக்காது. இவன் தாங்காமல் கூப்பிட்டால், அவள் பெருமூச்சு விட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்பாள்: "நான் விட்டா உங்களுக்கு யாரு இருக்கா?"

அந்த இடத்தில் அவன் மடங்கிவிடுவான்.

இத்தனைக்கும் அவன் வாயில்லாப் பூச்சி அல்ல. புழு வளர்க்கிற கொட்டகை, அதாவது புழு மனை விஷயத்தில் அவனிடம் யாரும் வாலாட்ட முடியாது. பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில் ஊதுவத்தி கொளுத்த மாட்டார்கள், கொசுவத்தி ஏற்ற மாட்டார்கள். செண்டு அடித்துக்கொண்டு உள்ளே போனால் கல்யாண மாப்பிள்ளையாக இருந்தாலும் வெளியே தள்ளிவிடுவார்கள். கொசு மருந்தின் காற்றுப் பட்டாலே புழு செத்துவிடும். அது அந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொசு கடித்தால் வலை கட்டிக்கொண்டு படுப்பார்கள், இல்லாவிட்டால் கடி வாங்கிக்கொண்டு படுப்பார்கள். பஞ்சாயத்துத் தலைவர் ஒருமுறை சிகரெட் வாயோடு மனை வாசலுக்கு வந்துவிட்டார். "தலைவருன்னா புழுவுக்குத் தெரியுமா? அப்படித் தள்ளிப் போய் நில்லுங்க," என்று ஊர் கேட்கக் கத்தியவன் இவன். வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் தொட்டி இருக்கும். அதில் காலை நனைக்காமல் யாரும் உள்ளே போக முடியாது, அதிகாரியாக இருந்தாலும் சரி. அவனுடைய மனை வீட்டை ஒட்டியே கட்டியது. நடுவில் ஒரே சுவர், சுவரின் மேலே காற்றுப் போக ஒரு ஜன்னல்.

ஐப்பசியில் அன்பரசியும் அவள் அம்மாவும் வீடு பார்க்க வந்தார்கள். அம்மாவுக்குப் பிடித்துவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று பேச்சு. புழுவெல்லாம் நாலாவது தோலும் உரித்து எழுந்து, இராப்பகலாகத் தின்கிற சமயம். இன்னும் சில நாளில் கூடு கட்டப் போகும். அந்தச் சமயத்தில் மனைக்கு வெளியே நின்று கேட்டால், உள்ளே தார்ப்பாயில் தூறல் விழுகிற மாதிரி சத்தம் கேட்கும். அதை அவளுக்குக் கேட்கவைக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

காலையிலேயே இலை வெட்ட வந்த நஞ்சம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பக்கத்துத் தோட்டத்துக்காரி, அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

"என்னாடா இது, சட்டையப் பேண்டுக்குள்ள வுட்டுக்கிட்டு? மூச்சு வுட முடியுதா?"

"அவுங்களுக்கு இப்படித்தாங்கக்கா புடிக்கும்."

"எனக்கே 'ங்க' போட்டுப் பேசறியா? சரிதான். பொண்ணு பார்க்க நீ போவணும். இங்க பொண்ணு வந்து உன்னப் பாக்குது. நல்லாத்தான் இருக்குது போ."

"கறி மட்டும் காரமா வெச்சுடாதக்கா. அவுங்கம்மாவுக்கு ஆவாது."

"எதுதான் ஆவும் அவுங்களுக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே கோழி அறுக்கப் போனாள்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அன்பரசி சொல்லிவிட்டாள்: "இன்னிக்கு ஒரு நாளாவது அந்தப் புழுப் பேச்சை எடுக்காதீங்க வெங்கட். அம்மாவுக்கு அருவருப்பு. சோறு இறங்காது." தலையாட்டினான். மனைப் பக்கம் அவர்களைக் கூட்டிப்போகவே இல்லை.

அம்மாக்காரி வீட்டைச் சுற்றி வந்தாள். கூரை ஷீட்டைப் பார்த்தாள். பாத்ரூம் வெளியே இருப்பதைப் பார்த்தாள். "இதுல எப்படிடி இருப்ப?" என்று அவன் காதில் விழும்படியாகவே கேட்டாள்.

"மாத்திக்கலாம்மா. ஆளையே மாத்திட்டிருக்கேன், வீட்டை மாத்த முடியாதா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். அடுப்படியில் இருந்த நஞ்சம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியைச் சட்டியில் ஓங்கித் தட்டுகிற சத்தம் கேட்டது.

மத்தியானம் பிடித்த மழை விடவே இல்லை. ஓடையில் தண்ணீர் வந்து பாலம் முழுகிவிட்டது, சாயங்கால பஸ் வரவில்லை. அங்கேயே தங்குவதைத் தவிர வழியில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொசு கிளம்பியது. அம்மாக்காரி காலைச் சொரிந்துகொண்டு, "இதுக்குத்தான் சொன்னேன்," என்றாள். வெங்கடாசலம் வலையும் தலையணையும் எடுத்துக்கொண்டு வந்தான். வாசற்படியில் வந்தபோது அன்பரசி தன் பையிலிருந்து அதை எடுத்தாள். சுவரில் சொருகுகிற கொசு மருந்து மெஷின். அது இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது, எங்கே போனாலும் பையில் இருக்கும்.

அவள் பிளக் பாயிண்ட்டைத் தேடிச் சுவரோரம் போனாள். அதே சுவர். அதற்கு அந்தப் பக்கம் புழு.

அவனுக்குத் தொண்டை வரை வந்தது. அது மட்டும் வேண்டாங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் ஏன் என்பாள். புழு என்று சொல்ல வேண்டும். அம்மாவின் முகம் சுருங்கும். என்னைவிடப் புழு பெரிசா என்பாள். தை மாதம் போய்விடும்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "என்ன அப்படி நிக்கறீங்க? இதுக்கும் ஏதாவது சொல்லப் போறீங்களா?"

"இல்லீங்க," என்றான். "அந்த சுவிட்சு கொஞ்சம் லூசு. நல்லா அழுத்திப் போடுங்க."

அழுத்திப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

அவன் வெளியே போய், மனைக்குள் ஏணியைப் போட்டு ஏறி, நடுச்சுவரின் மேல் ஜன்னலில் கோணிச் சாக்கைத் திணித்தான். சாக்கு காற்றை நிறுத்துமா? நிறுத்தாது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் திணித்தான். பிறகு வண்டிக் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொண்டான்.

விடிந்ததும் மனைக் கதவைத் திறந்தான். சத்தம் இல்லை. போட்ட இலை போட்டபடி கிடந்தது. புழுக்கள் தலையைத் தூக்கி இப்படியும் அப்படியுமாக ஆட்டிக்கொண்டிருந்தன. வாயிலிருந்து பச்சையாக நீர் கக்கியிருந்தன. உடம்பு சுருங்கிச் சில புழுக்கள் அடுக்கிலிருந்து தரையில் விழுந்திருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தான். நேற்று விரல் பருமன் இருந்தது, இப்போது துணித் திரி மாதிரி தொங்கியது.

இலைக்கட்டோடு வந்த நஞ்சம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "எவன்டா மருந்தடிச்சது? தக்காளித் தோட்டத்துக்காரனா? இரு, அவன..."

"அவன் இல்லக்கா."

அவள் மூக்கை உறிஞ்சினாள். சுவர்ப் பக்கத்திலிருந்து இனிப்பாக ஒரு வாடை வந்துகொண்டிருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. "வூட்டுக்குள்ள வெச்சாங்களா? நீ எங்கடா போயிருந்த?"

"இங்கதான் இருந்தேன்."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லலையா?"

"சொல்லல."

நஞ்சம்மாள் திட்டுவாள் என்று நினைத்தான். திட்டவில்லை. தலையிலிருந்த கட்டைக் கீழே இறக்கி வைத்து, "நீயாடா சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பேச்சுச் சத்தம் கேட்டு அன்பரசி வந்தாள். உள்ளே காலெடுத்து வைக்கப் போனவளிடம், "கால நனைச்சுட்டு வாங்க," என்றான் பழக்கத்தில். இனி நனைத்து என்ன ஆகப் போகிறது என்று அப்புறம்தான் உறைத்தது. அவள் அடுக்குகளைப் பார்த்தாள். நிஜமாகவே பதறிப்போனாள்.

"ஐயோ. எதனால இப்படி?"

"நீங்க வெச்ச கொசு மருந்துங்க."

"சத்தியமா எனக்குத் தெரியாது வெங்கட்."

"உங்களுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியும்."

"அப்ப சொல்லணும்ல? பக்கத்துல நின்னு அழுத்திப் போடச் சொன்னீங்களே! என்ன மனுசன் நீங்க?"

"அதைத்தாங்க நானும் நெனச்சிட்டிருக்கேன்."

அவளுக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் அவளுக்குக் கோபமும் கூடவே வரும். "இப்ப ஊரெல்லாம் என்னக் கொலைகாரின்னு சொல்லும். அதுக்குத்தானே வாயை மூடிட்டு நின்னீங்க?" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு குரலை இறக்கினாள். "சரி விடுங்க. ஒருவகையில இதுவும் நல்லதுக்குத்தான். இந்தச் சனியன இத்தோட விட்டுடுங்க. எங்க ஆஸ்பத்திரியில செக்யூரிட்டிக்கு ஆள் கேக்கறாங்க. நான் சொன்னா எடுத்துப்பாங்க. யூனிஃபார்ம் போட்டா நீங்களும் பாக்க ஆள் மாதிரி இருப்பீங்க."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் அவனுக்குத் திக்கென்றது. புழு செத்தது பெரிதில்லை. நோய் வந்தும் செத்திருக்கிறது, பக்கத்துத் தோட்டத்து மருந்து பட்டும் செத்திருக்கிறது. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நேற்றுச் சாயங்காலம் அந்தச் சுவரோரம் நின்று, நல்லா அழுத்திப் போடுங்க என்று சொன்னவன் யார்? இனி இவள் எதைக் கொண்டுவந்து சொருகினாலும் அவன் அழுத்திக் கொடுப்பான். இப்படியே விட்டால் ஆயுசுக்கும் கொடுத்துக்கொண்டே இருப்பான்.

"பாலத்துல தண்ணி வடிஞ்சிருக்கும்," என்றான். "காலை பஸ் வந்துடும். கெளம்பலாங்க."

"என்ன, தொரத்தறீங்களா?"

சும்மாதான் கேட்டாள். இல்லீங்க என்று பதறுவான் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டாள்.

"ஆமாங்க," என்றான்.

அம்மாக்காரி பையைத் தூக்கிக்கொண்டு, சேற்றில் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் நடந்தாள். வாய் ஓயவில்லை. பஸ் நிற்கிற இடத்தில் அன்பரசி அவன் பக்கமாக வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. "கோபத்துல பேசாதீங்க. நல்லா யோசிங்க. நான் விட்டா உங்களுக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்லீங்க."

அதற்கு மேல் ஏதோ சொல்வான் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். பஸ் வந்தது. ஏறிப் போனாள்.

செத்த புழுவையெல்லாம் வாரி, குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினான். மனையைக் கழுவி, மருந்து நீர் அடித்து, கதவைச் சாத்தினான். கொஞ்ச நாளைக்கு உள்ளே எதுவும் வைக்கக் கூடாது. அந்த நாட்களைத்தான் சொல்ல வேண்டும். வேலை இல்லாத தோட்டத்தில் ஒற்றை ஆள் என்ன செய்வான்? எழுந்து பல் விளக்கினால் பொழுது முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். சமைத்தால் மிஞ்சும், சமைக்காவிட்டால் பசிக்கும். "வந்த பொண்ணையும் புழுவுக்காகத் தொரத்துனான் பாரு கிறுக்கன்," என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். புழுவுக்காக இல்லை என்று அவன் யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. சொன்னால் புரியும்படியாகச் சொல்லவும் அவனுக்குத் தெரியாது.

அவள் போனதும் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தான். அப்படியெல்லாம் இல்லை. கண்டபடி சட்டை போட்டான், கேட்க ஆள் இல்லை. அதுவே ஒருநாள் நெஞ்சை அடைத்தது. குறை கண்டுபிடிக்கவாவது ஒருத்தி தன்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தாலும் ஒரு சனம் பார்க்காது. சாயங்கால நேரம் மட்டும் வீட்டில் இருக்க முடியவில்லை. போனை வைத்துவிட்டு ரோடு வரை நடப்பான், திரும்ப வருவான். வந்ததும் முதல் வேலையாகப் போனைத்தான் பார்ப்பான்.

நஞ்சம்மாள் ஒருநாள் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "சாக்கி சென்டர்ல குஞ்சுப் புழுவுக்குச் சொல்லி வெச்சியா?" என்று கேட்டாள்.

"வெச்சுட்டேன். அடுத்த வாரம் தராங்க."

"தின்னியா?"

"ம்."

"பொய் சொல்லாத. மூஞ்சியப் பாத்தாத் தெரியல?" அவளுக்குப் பேரன் பேத்தி இருக்கிறது, மாடு கத்துகிறது, எழுந்து போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அவன் தாங்காமல் கூப்பிட்டுவிட்டான். மணி அடித்த சத்தம் கேட்டதும் வெட்டிவிட்டான். கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"கூப்பிட்டிருந்தீங்க."

"ஆமாங்க. கை தன்னால போயிடுச்சு."

அவள் அடித்துப் பேசவில்லை. குரல் களைத்திருந்தது. "தனியா இருக்கக் கஷ்டமா இருக்கா?"

"இருக்குதுங்க."

"எனக்கும்தான். அம்மாகிட்ட நான் பேசறேன். சமாதானமாயிடுவாங்க. ஆனா நீங்களும் கொஞ்சம் மாறணும். நான் சொல்றத எடுத்துக்கணும்."

மல்பெரிக்குத் தண்ணீர் திருப்பிவிட்டுத் தோட்டத்துக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தொப்பூர் மலைப் பக்கம் வெளிச்சம் அடங்கிக்கொண்டிருந்தது. ம் என்று ஒரு சத்தம் போட்டால் போதும். அவனுக்கு அந்த ம் எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று அவனுக்குத்தான் தெரியும்.

"இல்லீங்க," என்றான்.

"கஷ்டமா இருக்குன்னு நீங்கதானே இப்பச் சொன்னீங்க?"

"கஷ்டமாத்தான் இருக்குது. இன்னும் ரொம்ப நாளைக்கு இருக்கும் போல. இருந்துட்டுப் போவுது. நான் வரலீங்க."

அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்க நல்லா இருங்க," என்றான். மனசாரத்தான் சொன்னான். அவள் வைத்துவிட்டாளா என்று பார்க்காமல் தானே வைத்தான்.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான் என்று தெரியவில்லை. காலில் ஈரம் பட்ட பிறகுதான் பாய்ச்சல் ஞாபகம் வந்தது. மடை உடைந்து தண்ணீர் வரப்பைத் தாண்டிக் கட்டிலடி வரை வந்திருந்தது. எழுந்து மண்வெட்டியை எடுத்தான். பிடிக்க இன்னொரு கை இருந்தால் சீக்கிரம் முடிகிற வேலை. ஒற்றை ஆளாக மண்ணை வெட்டிப் போட்டுப் போட்டு, அது கரைந்து போகப் போக மறுபடியும் போட்டு, மடை நிற்கும்வரை வெட்டினான்.